கொசுறுக்கு வந்த வாழ்வு

சி மொழியில் மிதவைப்புள்ளி எண்களின் எல்லைகளைச் சொல்வதற்கென்றே ‘ஃப்ளோட்.ஹெச்’ என்றொரு கோப்பு உண்டு. அதைத் திறந்தால் ‘டிபிஎல்_மேன்ட்_டிக்’ என்ற பெயர் கண்ணில் படும். இன்றைய கணினிகள் பெரும்பாலானவற்றில் அதன் மதிப்பு 53. ‘டபுள்’ வகை எண் ஒன்று தன் முன்னணி இலக்கங்களை எத்தனை பிட்டுகளில் சுமக்கிறது என்பதற்கான கணக்கு அது. பெயரின் நடுவில் நிற்கும் ‘மேன்ட்’, மான்டிசா என்ற லத்தீன் சொல்லின் தலைத்துண்டு. ஓர் எண்ணில் எதை இழந்தாலும் எதை இழக்கக் கூடாதோ, அந்தப் பகுதிக்கு வைத்த பெயர் இது. ஆனால் இச்சொல்லின் பழைய பொருளோ, எடை போட்ட பிறகு மேலே எறியும் அற்பப் பொருள். தமிழில் ஒரே சொல்லில் சொல்லலாம்: கொசுறு.

நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்குத் தொடக்கத்திலேயே கொடுக்கும் பயிற்சிகளில் ஒன்று, ஒரு முழு எண்ணின் முதல் சில இலக்கங்களைப் பிரித்தெடுப்பது. 847362 என்ற எண்ணைக் கொடுத்தால் 847 வர வேண்டும். பார்க்க எளிது. ஆனால் மான்டிசா என்ற பெயர் எங்கெங்கே போய் வந்தது என்று தெரிந்தவருக்குத்தான், இந்தப் பயிற்சியில் எங்கெங்கே கால் இடறும் என்பதும் தெரியும்.

தராசுத் தட்டில்

அகஸ்டஸ் காலத்து ரோமில் வெரியஸ் ஃபிளாக்கஸ் என்பவர் பெரியதொரு சொற்பொருள் நூல் எழுதினார். அதை கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஃபெஸ்டஸ் சுருக்கினார். ஃபெஸ்டஸின் நூலை 8ஆம் நூற்றாண்டில் பவுல் என்ற துறவி இன்னும் சுருக்கினார். மூல நூல் அழிந்துபோயிற்று. ஃபெஸ்டஸின் நூலும் சிதைந்த நிலையில்தான் கிடைக்கிறது. மான்டிசாவுக்கு நமக்குக் கிடைத்திருக்கும் பழைய விளக்கம் இந்தச் சுருக்கங்களின் வழியாக வந்ததுதான். அது எட்ருஸ்கன் மொழிச் சொல். எடையோடு கூடப் போடப்படுவதைக் குறிக்கும். ஆனால் தரத்தில் தாழ்ந்தது, எந்தப் பயனும் இல்லாதது. இவ்வளவுதான் அந்த விளக்கம். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் அங்கதக் கவிஞர் லூசிலியஸ் இச்சொல்லைக் கையாண்டிருக்கிறார். ஆகவே அவர் காலத்திலேயே அது ரோமானியர் பேச்சில் புழங்கியிருக்க வேண்டும்.

எட்ருஸ்கன் என்பது ரோமுக்கு வடக்கே வாழ்ந்த மக்களின் மொழி. லத்தீனுக்கு உறவில்லாதது. அதன் எழுத்துகளை இன்று வாசிக்க முடிகிறது; சொற்களில் சிறு பகுதிக்கே பொருள் விளங்குகிறது. அதனால் ஃபெஸ்டஸ் சொன்னதை அம்மொழிச் சான்றுகளைக் கொண்டு உரசிப் பார்க்க வழியில்லை. கடைத்தெருவில் பிறந்த சொல் என்பதில் மட்டும் ஐயமில்லை. நம் ஊர்க் கொசுறு அவ்வளவு மட்டமும் அல்ல. காய் வாங்கியபின் கேட்டு வாங்கும் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் குழம்பின் மணத்தையே தீர்மானிக்கின்றன. ரோமானிய அகராதிக்காரர் கொசுறை இகழ்ந்தார். நாம் உரிமையோடு கேட்டு வாங்குகிறோம். அந்த வேறுபாடு இருந்தாலும், இரண்டும் நிற்கும் இடம் ஒன்றே: கணக்கு முடிந்த பிறகு வந்து சேரும் மிகுதி.

கறிவேப்பிலையின் வழியாக

தொடக்கத்தில் ஒற்றை ‘எஸ்’ எழுத்தோடு இருந்த சொல், 16ஆம் நூற்றாண்டில் இரட்டை ‘எஸ்’ பெற்றது. கூடவே பொருளும் ஒரு படி உயர்ந்தது. லத்தீனில் எழுதிய அறிஞர்கள் நூலின் பின்னிணைப்பை மான்டிசா என்று அழைக்கத் தொடங்கினார்கள். நூல் முடிந்தபின் சேர்ப்பது என்ற அளவில் அதுவும் கொசுறுதானே! அடக்கத்தோடு ஆசிரியர் தாமே வைத்துக்கொள்ளும் பெயர்.

இந்தப் பொருளில் இச்சொல்லைப் புகழ்பெறச் செய்தவர் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைத்த சுவீடன் நாட்டு லின்னேயஸ். தம் பெருநூல்களை வெளியிட்ட பிறகும் உலகின் பல மூலைகளிலிருந்து செடிகள் அவருக்கு வந்துகொண்டேயிருந்தன. அவற்றைச் சேர்த்து 1767இல் ‘மான்டிசா பிளான்டாரம்’ என்ற இணைப்பு நூலையும், 1771இல் அதற்கு இரண்டாம் பகுதியையும் வெளியிட்டார். அவருடைய மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக், 1768இல் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷனின் மருத்துவராக வந்தவர். 1771ஆம் ஆண்டு நூலில் ‘பெர்கெரா கோனிகி’ என்று ஒரு மரத்துக்கு லின்னேயஸ் பெயரிட்டார். பெயரின் பின்பாதி அந்தத் தரங்கம்பாடி மருத்துவரைக் குறிப்பது. மரம் வேறெதுவும் இல்லை, கறிவேப்பிலை. பின்னாளில் ‘முராயா கோனிகி’ என்று பெயர் மாறியபோதும் கோனிக் விடுபடவில்லை. கடையில் நாம் கொசுறாகக் கேட்கும் கறிவேப்பிலை தன் அறிவியல் பெயரைப் பெற்றதும் கொசுறு என்று தலைப்பிட்ட நூலில்தான்.

அட்டவணைக்குள்

கணிதத்துக்குள் இச்சொல் நுழைந்த கதையில் ஒரு பிழை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1614இல் மடக்கைகளை வெளியிட்டார். லண்டனில் பேராசிரியராக இருந்த ஹென்றி பிரிக்ஸ் அதைப் படித்து வியந்து, 1615இல் எடின்பரோவுக்கே போய் நேப்பியரைக் கண்டார். மடக்கையின் அடிமானத்தைப் பத்தாக வைத்தால் கணக்கு எளிதாகும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். நேப்பியர் 1617இல் காலமானார். பிரிக்ஸ் அந்த வேலையைத் தொடர்ந்து, 1624இல் ‘அரித்மெட்டிக்கா லாகரித்மிக்கா’ என்ற பேரட்டவணையை வெளியிட்டார். மடக்கையின் முழு எண் பகுதிக்கு ‘கேரக்டரிஸ்டிக்’ என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அதோடு சேர்த்து, பின்னப் பகுதிக்கு மான்டிசா என்று பெயர் வைத்தவரும் பிரிக்ஸ்தான் என்று பல நூல்கள் எழுதிவிட்டன.

கணித வரலாற்றாசிரியர் ஃபுளோரியன் கஜோரி தேடிக் கண்டது வேறு. ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் வாலிஸ் எழுதிய இயற்கணித நூலின் 1693ஆம் ஆண்டு லத்தீன் பதிப்பில்தான் இச்சொல் கணிதப் பொருளோடு முதலில் தென்படுகிறது. அங்கேயும் அது மடக்கைக்கு உரியதாக இல்லை; எந்த எண்ணானாலும் தசமப் புள்ளிக்குப் பின் வரும் பகுதிக்குப் பொதுப்பெயராக நிற்கிறது. முழு எண்தான் சரக்கு, புள்ளிக்குப் பின்னால் வருவது கொசுறு என்ற பார்வை அதில் தெளிவாக இருக்கிறது. ஆய்லர் 1748இல் வெளியிட்ட பகுப்பாய்வு அறிமுக நூலுக்குப் பிறகே அது மடக்கையின் பின்னப் பகுதிக்கு உரிய பெயராக நிலைத்தது. அதற்குப் பின்னும் காஸ் 1801ஆம் ஆண்டு நூலில், சாதாரணப் பின்னத்தைத் தசமமாக மாற்றினால் கிடைக்கும் இலக்க வரிசையையே மான்டிசா என்று அழைத்தார்.

மடக்கைக்குள் வந்தபின் கொசுறின் நிலைமை தலைகீழாயிற்று. 847362இன் பத்தடிமான மடக்கை 5.92807. இதில் 5 என்பது எண்ணுக்கு ஆறு இலக்கம் என்பதை மட்டும் சொல்கிறது. எண்ணைப் பார்த்தாலே தெரிகிற செய்தி அது. அந்த ஆறு இலக்கங்களும் எவை என்பதைச் சொல்வது .92807. 84.7362 என்று புள்ளியை நகர்த்தினால் மடக்கை 1.92807 ஆகும், முன்பகுதி மாறும், பின்பகுதி அசையாது. ஆகவே அட்டவணை அச்சிட்டவர்கள் முழு எண் பகுதியை விட்டுவிட்டுப் பின்பகுதியை மட்டும் அச்சிட்டார்கள். பள்ளிக்கூடத்து ‘லாக் புக்’கைப் புரட்டியவர்களுக்கு இது நினைவிருக்கும்: பக்கம் பக்கமாக நான்கிலக்க எண்கள், புள்ளிக்கு முன்னால் எதுவும் இராது. புத்தகம் முழுவதும் கொசுறு. சரக்கை வாசிப்பவரே கண்ணால் எண்ணிப் போட்டுக்கொள்ள வேண்டும். எதிர்மடக்கை அட்டவணை இன்னும் வெளிப்படையானது. அதில் மான்டிசாவைக் கொடுத்தால் எண்ணின் முன்னணி இலக்கங்கள் வரும். முதல் இலக்கங்களைப் பிரித்தெடுக்கும் வேலையைக் கணினிக்கு நெடுங்காலம் முன்பே அச்சுத்தாள் செய்துகொண்டிருந்தது.

இந்த அசையாத் தன்மையைக் காப்பாற்ற ஒரு குறியும் தேவைப்பட்டது. 0.00847362இன் மடக்கை உண்மையில் −2.07193. அப்படியே எழுதினால் பின்பகுதி .07193 ஆகிவிடும், அட்டவணையில் தேட முடியாது. அதனால் −3ஐயும் +.92807ஐயும் சேர்த்து, மூன்றின் தலையில் மட்டும் கோடு போட்டு, ‘பார் 3 புள்ளி 92807’ என்று எழுதினார்கள். முன்பகுதி எதிர்மமாகலாம், மான்டிசா எப்போதும் நேர்மமாகவே இருக்க வேண்டும் என்பது விதி. மாணவர்களை வாட்டிய அந்தக் கோட்டின் வேலை இவ்வளவே.

மான்டிசா என்ற பெயர் முதல் இலக்கங்களோடு பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டது 1881இல். வானியலாளர் சைமன் நியூகோம், மடக்கைப் புத்தகங்களின் முன்பக்கங்கள் பின்பக்கங்களைவிட விரைவாகத் தேய்ந்து அழுக்காவதைக் கவனித்தார். மக்கள் 1இல் தொடங்கும் எண்களை அதிகமாகத் தேடுகிறார்கள் என்று அதற்குப் பொருள். அவர் எழுதிய சிறு குறிப்பின் முடிவு, இயல்பாகக் கிடைக்கும் எண்களில் மான்டிசாக்கள் எல்லாம் சம வாய்ப்புடையவை என்பது. அப்படியானால் முதல் இலக்கம் 1 ஆக இருக்கும் வாய்ப்பு 30.1 விழுக்காடு, 9 ஆக இருக்கும் வாய்ப்பு 4.6 விழுக்காடு. 1938இல் ஃபிராங்க் பென்ஃபோர்ட் 20,229 எண்களைத் திரட்டி இதையே காட்டினார். விதிக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. இன்று கணக்குப் புத்தகங்களில் மோசடி நடந்திருக்கிறதா என்று தணிக்கையாளர்கள் துழாவும்போது முதல் இலக்கங்களைப் பிரித்தெடுத்து எண்ணிப் பார்ப்பது இந்த விதியை வைத்துத்தான்.

கணினிக்குள்

1946இல் ஆர்தர் பர்க்ஸ், ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், ஜான் வான் நியூமன் மூவரும் மின்னணுக் கணிப்பொறியின் அமைப்பைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற அறிக்கையில் மான்டிசா வருகிறது. மிதவைப்புள்ளி என்ற ஏற்பாட்டைச் சில கணிப்பொறிகளில் வைக்கப்போகிறார்கள் என்று சொல்லி, எண்ணை ஒரு கேரக்டரிஸ்டிக்காகவும் ஒரு மான்டிசாவாகவும் வைப்பதுதான் அது என்று விளக்குகிறார்கள். அவர்கள் தரும் எடுத்துக்காட்டு 123.45. கணிப்பொறியில் அது 0.12345, 03 என்று இரு பகுதிகளாக நிற்கும். இந்த ஏற்பாட்டால் கிடைக்கும் பயன் அதற்காகும் செலவுக்கு ஈடாகாது என்று வாதிட்டு, தங்கள் பொறிக்கு அது வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். ஏற்பாடு ஒதுக்கப்பட்டாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

சிக்கல் தொடங்கியதும் இங்கேதான். 123.45இன் மடக்கை 2.09149. ஆய்லர் வழிவந்தவர்களுக்கு அதன் மான்டிசா .09149. அறிக்கை மான்டிசா என்று சொல்வதோ .12345ஐ. முன்னது முன்னணி இலக்கங்களின் மடக்கை. பின்னது அந்த இலக்கங்களே. மடக்கை அட்டவணையோடு வளர்ந்த தலைமுறை ஒப்புமை கருதிப் பெயரைக் கடன் வாங்கியது. ஒப்புமை தெரியாமல் வந்த அடுத்த தலைமுறை, இரண்டும் ஒன்று என்றே நினைத்துக்கொண்டது.

இதைத் திருத்த முதலில் கை வைத்தவர்கள் ஜார்ஜ் ஃபோர்சைத், கிளீவ் மோலர் என்ற இருவர். நேரியல் சமன்பாடுகளைக் கணினியில் தீர்ப்பது பற்றி 1967இல் எழுதிய நூலில் ‘சிக்னிஃபிகண்ட்’ என்ற புதுச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். முக்கிய இலக்கங்களைத் தாங்குவது என்பது அதன் கருத்து. இரண்டாண்டு கழித்து டொனால்ட் க்னூத் தம் ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ இரண்டாம் தொகுதியில் வெளிப்படையாகவே கண்டித்தார். மடக்கையில் வேறு பொருள் உள்ள சொல்லை இங்கே இடுவது சொல்லுக்குச் செய்யும் தீங்கு என்பது ஒன்று. மதிப்பில்லாத இணைப்பு என்பதே அச்சொல்லின் பொருள் என்பது இன்னொன்று. 1985இல் வந்த மிதவைப்புள்ளித் தரநிலையான ஐஇஇஇ 754, சிக்னிஃபிகண்ட் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது.

வழக்கு தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. 1989இல் தரப்படுத்தப்பட்ட சி மொழி வேடிக்கையான சமரசம் ஒன்று செய்தது. பெயர் ‘மேன்ட்_டிக்’, அதற்கு எழுதிய விளக்கத்தில் சிக்னிஃபிகண்ட். அந்தப் பெயரை நம்பி எழுதிய நிரல்கள் உலகெங்கும் ஓடுவதால் இனி அதை மாற்றவும் முடியாது. 53 பிட்டுகளிலும் ஒன்று எழுதப்படுவதே இல்லை. இரும எண்ணில் சுழியம் அல்லாத எதற்கும் முதல் இலக்கம் 1தான். தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும் என்று, 52 பிட்டுகளை மட்டும் சேமிக்கிறார்கள். தெரிந்த பகுதியை அச்சிடாமல் விட்ட மடக்கைப் புத்தகத்தின் சிக்கனம் இங்கேயும் தொடர்கிறது.

நிரலாளர் கையில்

முதலில் சொன்ன பயிற்சிக்கு வருவோம். முதல் மூன்று இலக்கங்களை எடுக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. எண்ணைச் சரமாக்கி முதல் மூன்று எழுத்துகளை வெட்டுவது ஒன்று. எண் 1000க்குக் கீழே வரும் வரை பத்தால் வகுத்துக்கொண்டே போவது இன்னொன்று. மடக்கை எடுத்து, முழு எண் பகுதியைத் தள்ளி, மான்டிசாவைப் பத்தின் அடுக்காக்கி, நூறால் பெருக்கி, மிச்சப் பின்னத்தை விடுவது மூன்றாவது.

சரமாக்கும் வழியில் எதிர்ம எண்ணின் கழித்தல் குறியும் ஓர் எழுத்தாகிவிடும். −847362க்கு ‘−84’ என்றுதான் கிடைக்கும். வகுக்கும் வழியில் மொழிக்கு மொழி வேறுபாடு உண்டு. −847362ஐ 1000ஆல் வகுத்தால் சி மொழி −847 என்று தரும். பைத்தானின் முழு எண் வகுத்தல் கீழ்நோக்கி இறங்கும் என்பதால் −848 என்று தரும். குறியை முதலில் நீக்கிவிட்டுத் தொடங்கினால் இரண்டு தொல்லையும் இல்லை.

மூன்றாம் வழியில் பழைய அட்டவணைக் காலத்துக் கண்ணிகள் அப்படியே காத்திருக்கின்றன. எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் மடக்கை எதிர்மமாகும். சி மொழியில் முழு எண்ணாக மாற்றும்போது சுழியத்தை நோக்கி வெட்டுவதால், −2.07193இல் கிடைக்கும் பின்னம் −.07193. அதைப் பத்தின் அடுக்காக்கினால் 0.847, முதல் இலக்கம் சுழியம் என்ற விபரீத விடை வரும். கீழ்நோக்கி இறங்கும் ‘ஃப்ளோர்’ சார்பைப் பயன்படுத்தினால் −3ம் +.92807ம் கிடைக்கும். லாக் புக் காலத்தில் தலைக்கோடு செய்த வேலையை இப்போது ஃப்ளோர் செய்கிறது. சுழியத்துக்கு மடக்கையே கிடையாது என்பதால் அதைத் தனியாகக் கையாள வேண்டும்.

இன்னொரு கண்ணி நுண்ணியது. பதினைந்து ஒன்பதுகள் கொண்ட 999999999999999இன் மடக்கை 15ஐவிட இம்மியளவு குறைவு. அந்த இம்மியை 53 பிட்டுகளால் பிடிக்க முடியாது, பைத்தான் 15.0 என்று உருட்டிவிடும். மான்டிசா சுழியம், எண்ணுக்குப் பதினாறு இலக்கம், முதல் இலக்கம் 1 என்று எல்லாமே தவறாகப் போகும். சாதாரண முழு எண்களுக்கு மடக்கை வழி வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

ஆனால் எண் மிகப் பெரிதானால் மான்டிசாதான் துணை. 2இன் மடக்கை 0.30103, ஆயிரம் அடுக்குக்கு 301.02999566. மான்டிசாவை மட்டும் எடுத்து அடுக்காக்கினால் 1.0715 வரும். 302 இலக்கமுள்ள எண் 10715 என்று தொடங்குகிறது என்பது, அதைப் பெருக்கிப் பாராமலே தெரிகிறது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மாபெரும் பகா எண், 2ஐ 136,279,841 முறை பெருக்கி ஒன்று கழித்தால் வருவது. அதற்கு 41,024,320 இலக்கங்கள். பைத்தானில் அதைச் சரமாக்கச் சொன்னால் மறுத்துவிடும். 2022 முதல் 4,300 இலக்கத்துக்கு மேற்பட்டவற்றுக்கு அம்மொழியில் இயல்பாகவே தடை உண்டு. மடக்கையோ 41024319.9453 என்று உடனே வருகிறது. எண் 881 என்று தொடங்குகிறது. இங்கேயும் ஓர் எச்சரிக்கை தேவை. டபுள் எண் தாங்குவது ஏறத்தாழ பதினாறு இலக்கம். அதில் எட்டை 41024319 என்ற முன்பகுதி எடுத்துக்கொண்டது. மான்டிசாவுக்கு மிஞ்சியது எட்டுக்குள்தான். முன்பகுதி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு முன்னணி இலக்கங்களின் துல்லியம் குறையும்.

பெயர் கொசுறென்பதால் பொருளும் கொசுறாகிவிடாது. வாலிஸ் பெயர் வைத்தபோது அது பின்னால் நின்ற இடத்தைப் பார்த்தார், மதிப்பைப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே பெயர் வைப்பது பிழைக்கு இடம் கொடுக்கும் என்பதில் க்னூத் சொன்னதே சரி. மடக்கையின் பின்னப் பகுதிக்கு மான்டிசா இருக்கட்டும். அதற்கு இருநூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட உரிமை உண்டு. மிதவைப்புள்ளி எண்ணின் இலக்கப் பகுதிக்குத் தமிழில் பாடம் எழுதுகிறவர்கள் வேறு பெயர் வைக்க வேண்டும். இயற்பியல் பாடத்தில் ஏற்கெனவே வழங்கும் ‘முக்கிய எண்ணுருக்கள்’ என்பதிலிருந்தே அதை அமைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை.